சபையில் நான் சொன்ன சாட்சி

என் மனைவி ஆனி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு ஆராதனையில் யார் பேசுவது என்று பேச்சு வந்தபோது, "நீயே பேசும்மா" என்று மகள் ஜோவன்னாவிடம் சொன்னேன்.

"நீங்கதான்பா நல்லா பேசுவீங்க. அன்னைக்குச் சாட்சி சொன்னீங்களே, அந்த மாதிரி" என்றாள். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜோவன்னா தேசிய அளவில் முதலாவதாக வந்த மறு ஞாயிறு, தமிழ் ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்குச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றவன் நான். ஆறு வயதில் இடுப்பு மூட்டுக்கு இரத்த ஓட்டம் குறைந்து, இரண்டு வருடம் காலில் கம்பியும் பட்டையுமாக நடந்த பிள்ளை என்றேன். அது உண்மை. "ஆண்டவரை நம்பி நான்தான் இவளை ஓடச் சொன்னேன்" என்றேன். சபை அல்லேலூயா சொன்னது. சிங்கப்பூரில் செங்காங் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், "டை கோணலா இருந்துச்சு" என்றாள் ஆனி.

பட்டையைக் கழற்றிய அன்றே, இனி ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருடப் பள்ளி விளையாட்டு விழாவில் ஜோவன்னா ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து கடைசியாக ஓடி வந்தாள். என்னோடு வேலை செய்யும் துரைசாமி பக்கத்தில் நின்றார். "ஓடுறதுல உன் மக எதுலா?" என்றார். "கூட்டத்துல தெரியலையே" என்றேன். அவள் எனக்கு நேர் எதிரே ஓடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஜனவரியில் பள்ளி திறந்ததும், பிள்ளையை ஓடவிட வேண்டாம் என்று பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். நான்கு வருடம், ஜனவரிதோறும் எழுதினேன். ஆனிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். உயர்நிலைப் பள்ளிக்கும் எழுதிக் கொடுத்தேன். அங்கே இரண்டாம் வருடம் ஆசிரியர் போன் செய்து, உங்கள் மகள் இறுதிச் சுற்றில் ஓடுகிறாள், வருவீர்களா என்றார்.

"இந்த ஸ்கூல்ல நான் லெட்டரைக் கொடுக்கவே இல்ல. நீங்கதான் ஓடச் சொன்னீங்கன்னு பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன். அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஆனி. இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு, என் மானம் காக்க அவள் சொன்ன பொய்யையே சபைக்குக் கொண்டுபோனேன். அவளிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நினைவு ஆராதனையில் அத்தனையையும் சொன்னேன். துரைசாமி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். முடிந்ததும் பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரதர் சுவிசேஷமுத்து, மனைவியை உயர்த்தத் தன்னை இவ்வளவு தாழ்த்திப் பேச யாருக்கு மனசு வரும்" என்றார். பலர் ஆமென் சொன்னார்கள். இதுவும் நல்ல பேச்சாகிவிட்டது.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் ஜோவன்னா தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"டாக்டர் லெட்டர்னுதான்பா நினைச்சிருந்தேன். நாலு வருஷம் பெஞ்சுல உட்கார்ந்து எல்லார் வாட்டர் பாட்டிலுக்கும் காவல் இருந்தேன். கால் இன்னும் சரியாகலை போலன்னு நினைச்சு, நைட்ல தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்."

"தப்புதாம்மா."

"அதை வீட்டுல சொல்லியிருக்கலாம்ல? ஒரு வருஷமா நீங்களும் நானும் மட்டும்தானே இருந்தோம். இத்தனை பேர் முன்னாடி சொன்னா, நான் கோபப்படக்கூட முடியாதே."

நான் வாயைத் திறக்குமுன் பாஸ்டர் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார். ஜோவன்னா எழுந்து, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். தன் தேநீரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.