டப்பா பொய் சொல்லாது

"ரெண்டு டப்பாவும் ஒரே ஆளோடது" என்று மார்லேனிஸ் சொன்னபோது நூரிஸ் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. பாதி உரிந்த கிழங்கு மடியில் கிடக்க, அவள் முதலில் பார்த்தது தன் ஓரகத்தி எனெய்தாவைத்தான். எனெய்தா குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து வைத்த ஒன்றையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

மார்லேனிஸ் அந்த ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு கட்டுத் தாளும் மூடி போட்ட டப்பாக்களும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்போது அந்த வீட்டில் பத்தியகாலம். நூரிஸும் எனெய்தாவும் பதினொரு நாள் இடைவெளியில் பெற்றிருந்தார்கள். காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு, நாற்பது நாளைக்கும் தினம் ஒரு கோழி. ஊரார் கொண்டுவந்து கொடுத்ததில் குழம்புக்குப் போனது போக மிச்சக் கோழிகள் கொல்லை முழுக்கத் திரிந்தன.

தாளில் பத்துக் கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று நர்ஸ் ஒவ்வொன்றாகப் படித்தாள். மாமியார் தூலியா ஓலை விசிறியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பத்து விரலோட பொண்ணு பொறந்திருக்கு. இவளுக்கென்ன அழுகை? நல்லா இருக்கான்னு எழுதிக்கம்மா" என்றார்.

நூரிஸும் தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் நல்லபடியான பதிலையே சொன்னாள்.

அதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், குழந்தை தொட்டிலில் வீறிட்டு அழ அழ, அவள் எழுந்து கொல்லைக் கோடிக்குப் போய் வாழை மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். அந்த அழுகை வேறு யாரோ வீட்டுக் குழந்தையின் அழுகை போலக் கேட்டது. அழுகை நின்றால் போதும் என்றிருந்தது. எப்படி நின்றாலும் சரி என்று ஒரு கணம் தோன்றியதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கோழிகள் தீனி கிடைக்கும் என்று அவள் காலைச் சுற்றிக்கொண்டன. உள்ளே எனெய்தா அந்தக் குழந்தையைத் தூக்கித் தன் பாலைக் கொடுத்தாள். மாமியார் கேட்டதற்கு, "ஒரு கோழி வேலி தாண்டிடுச்சு அத்தை. புடிக்கப் போயிருக்கா" என்று சொன்னது நூரிஸின் காதில் விழுந்தது. அதைப் பற்றி எனெய்தா பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

தாளை முடித்துவிட்டு நர்ஸ் இருவருக்கும் ஆளுக்கொரு டப்பாவை நீட்டினாள். எதற்கு என்று தெரிந்ததும் தூலியா விசிறியால் வாயை மூடிக்கொண்டார்.

"வெளிக்கிருந்ததைக் கேட்டா வீடு வீடா வர்றீங்க?"

"நீங்க பாலேடு புளிக்க வைக்கிற சுரைக்குடுவையை ஏன் சோப்புப் போட்டுக் கழுவறதில்லை?" என்று நர்ஸ் திருப்பிக் கேட்டாள். "உள்ள இருக்கற உயிருங்க செத்துடும்னுதானே? நம்ம குடலுக்குள்ளயும் அந்த மாதிரி கோடி இருக்கு. அதுங்க மாறினா மனசும் மாறுதான்னுதான் பாக்கறாங்க."

பார்க்கத்தான் பார்க்கிறார்கள், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றும் சொன்னாள். ஆனால் நூரிஸுக்கு அது ஏறவில்லை. குடுவை கெட்டுவிட்டால் பாலேடு நாறும், ஒரு வாய் வைத்தாலே தெரிந்துவிடும். தாளில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், டப்பா பொய் சொல்லாது. எங்கோ ஒரு வெள்ளை அங்கிக்காரன் மூடியைத் திறந்து, இவள் பெற்ற பிள்ளையை அழவிட்டுப் போனவள் என்று படித்துவிடுவான்.

மறுநாள் காலை அவள் எனெய்தாவிடம் போய் நின்றாள்.

"அக்கா, எனக்கு மூணு நாளா போகலை. உன்னோடதுல கொஞ்சம் குடேன்."

எனெய்தா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த குழந்தை விழித்துக்கொண்டது. "உப்பு கேட்ட, குடுத்தேன். சீப்பு கேட்ட, குடுத்தேன். இப்ப இதுவாடி?"

ஆனாலும் கொடுத்தாள். எனெய்தா அப்படித்தான். துணி துவைக்கும்போது பாடுவாள், மாமியார் திட்டினால் அதற்கும் ஒரு பாட்டு. குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. நல்ல குடுவை என்று நூரிஸ் நினைத்துக்கொண்டாள். தன் பெயர் எழுதிய டப்பாவில் அதைப் போட்டு நர்ஸின் ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

இப்போது அகப்பட்டுக்கொண்டாயிற்று. ஒப்புக்கொள்வதுதான் வழி என்று வாயைத் திறந்தாள்.

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அவங்ககிட்ட…"

"இரும்மா, இன்னும் முடிக்கலை" என்ற மார்லேனிஸ் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டுமே ஒரு ஆம்பளையோடது."

அடுப்படியில் தூலியா எதையோ தாளித்துக்கொண்டிருந்தார்.

"வில்மரோடது" என்றாள் எனெய்தா, மடித்த துணியைப் பார்த்தபடி. வில்மர் அவள் புருஷன். "வயித்துல பூச்சி இருக்கான்னு பாக்கறாங்கன்னு சொல்லி வாங்கினேன். இன்னும் மாத்திரை எப்ப வரும்னு கேட்டுக்கிட்டிருக்கான்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள். நூரிஸ் சிரிக்கவில்லை. எனெய்தாவும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத முகத்தை நூரிஸ் இதற்கு முன் உற்றுப் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே கன்றிப்போய், உதட்டோரம் தோல் உரிந்திருந்தது. இத்தனை நாள் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்திருக்கிறார்கள்.

"நீ எதுக்குக்கா?" என்றாள் மெதுவாக.

"நீ எதுக்கோ அதுக்குத்தான்."

மார்லேனிஸ் பையிலிருந்து புது டப்பாக்கள் இரண்டை எடுத்துப் பாயின்மேல் வைத்தாள். கூடவே தாளும் பென்சிலும். "யாரையும் திட்ட வரலை. ஆய்வு வேண்டாம்னா விட்டுடுங்க, பேரை அடிச்சுடறேன். ஆனா தாளை மட்டும் உங்க கையாலேயே எழுதுங்க. அது நான் பாக்கறதுக்கு. டாக்டரம்மா வியாழக்கிழமை வர்றாங்க."

எனெய்தா பென்சிலை எடுத்தாள். முதல் கேள்விக்கே வெகுநேரம் பிடித்தது. அப்புறம் விடுவிடுவென்று கோடு போட்டுத் தாளை நாலாக மடித்து நர்ஸிடம் கொடுத்தாள். ஒரு டப்பாவைக் குழந்தைத் துணியொன்றுக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கழிப்பறையின் தகரக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நூரிஸும் எழுதினாள். இரண்டாவது கேள்வியில் பொய்யாக ஒரு கோடு போட்டு, அதை அழித்து, மறுபடி உள்ளபடியே போட்டாள். இரண்டு குழந்தைகளும் ஒரே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தன. தூளியை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, தன் டப்பாவோடு போய்த் தகரக் கதவுக்கு வெளியே நின்றாள்.

உள்ளேயிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, துணியை வாயில் அடைத்துக்கொண்டது போல ஒரு விம்மல். அப்புறம் அடைபடாமல் வந்துவிட்டது.

அடுப்படி ஜன்னலில் தூலியாவின் தலை தெரிந்தது. "அங்க என்னடி சத்தம்?"

நூரிஸ் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டாள். சுவரோரம் கிடந்த பழைய தகரத் தட்டை எடுத்து, ஒரு குச்சியால் ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

"பா, பா, பா…" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "கோழி வேலி தாண்டிடுச்சு அத்தை."

வாழைக்குப் பின்னாலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் கோழிகள் எல்லாம் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவந்தன. அவள் காலடியில் குவிந்து, ஒன்றுமில்லாத கையை அண்ணாந்து பார்த்தன. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.