தாழ்ப்பாள் சத்தம்

தீம் பார்க் என்ற பேச்சை மகள் எடுத்ததுமே பூட்டுக்காரர் கையை வீசி மறுத்தார்.

"காசு குடுத்து பயத்தை வாங்கப் போறீங்களா? வீட்டுலயே உக்காருங்க, நான் சும்மாவே பயமுறுத்தறேன்" என்றார்.

மாப்பிள்ளை சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. "அப்பா, பிள்ளை பொறந்ததுலருந்து நானும் அவரும் சேர்ந்து ஒரு இடம் போனதில்ல. நீங்க வந்தா சுண்டுவைப் பார்த்துப்பீங்க. வர மாட்டேன்னா சொல்லுங்க, இடுப்புல வெச்சுக்கிட்டே சுத்தறோம்."

இதற்கு மேல் ஒரு அப்பன் என்ன பேசுவான்? கிளம்பினார்.

சுண்டு அவருடைய பேத்தி. இரண்டரை வயது. சுண்டெலி மாதிரி எந்த இண்டு இடுக்கிலும் புகுந்துகொள்வாள் என்று அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவள் அவர் கையில்தான். அந்தப் பகல்களை எடுத்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், கடையையும் மூடியாகிவிட்டது.

காலமெல்லாம் பூட்டு ரிப்பேர் செய்த மனிதர். எந்தப் பூட்டும் எவ்வளவு லேசாகத் திறக்கும் என்று தெரிந்தவனுக்கு யார்மேல் நம்பிக்கை வரும்? காலிங் பெல் அடித்தால் திறக்க மாட்டார். சாமான் விற்கிறவன், கணக்கெடுக்க வருகிறவன், பக்கத்து வீட்டு விலாசம் கேட்கிறவன், எல்லாரும் அவருக்கு ஒரே ஆள்தான். வீட்டை நோட்டம் பார்க்க வந்த ஆள்.

அதற்காகப் பேத்திக்கு ஒரு விளையாட்டுப் பழக்கி வைத்திருந்தார். பெல் அடித்ததும் அவர் உதட்டில் விரலை வைப்பார். "உஷ்." உடனே சுண்டு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில், தொங்கும் போர்வைக்குப் பின்னால் புகுந்துகொள்வாள். மூச்சுக் காட்ட மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வரக்கூடாது. பெயர் தெரிந்தவன் இன்னும் ஆபத்தானவன். தாத்தா குரலே கூப்பிட்டாலும் வரக்கூடாது. குரலை எவனும் நடித்துக் காட்டிவிடுவான். வந்த ஆள் போனபிறகு, வாசல் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை இழுத்து இரண்டு முறை அடிப்பார். டக், டக். "ஆள் போயாச்சு" என்பார். அப்புறம்தான் கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டு வெளியே வருவாள்.

மகளுக்கு இது தெரியாது. தெரிந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் சொல்லவில்லை.

பார்க் வாசலில் பையைச் சோதித்த செக்யூரிட்டி அம்மாள், உள்ளேயிருந்து ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்தாள்.

"இது எதுக்குப் பெரியவரே? ராட்டினத்தைக் கழட்டப் போறீங்களா?"

"வீட்டுல விட்டா திருட்டுப் போயிடும்."

"சரிதான். போறப்ப வாங்கிக்குங்க. நான் திருட மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். மகள் அவர் முழங்கையைக் கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சுண்டுவுக்கு எல்லாமே ஆச்சரியம். சுற்றுகிற குதிரை, தண்டவாளத்தில் ஓடுகிற குட்டி ரயில், ஆளை உட்கார வைத்துச் சுழற்றுகிற பெரிய பெரிய கோப்பைகள். வாயைத் திறந்தவள் மூடவில்லை. மகளும் மாப்பிள்ளையும் உயரத்திலிருந்து தொப்பென்று இறக்குகிற ஒன்றில் ஏறப் போனார்கள். "கையை விட்டுடாதீங்கப்பா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் மகள் போனாள்.

"நீ கீழ விழாம வா, போ" என்றார் இவர்.

கோப்பை ராட்டினத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். சுண்டுவின் ஒரு செருப்பில் கல் புகுந்திருந்தது. கழற்றி உதறிக்கொண்டிருக்கும்போது கரடி வேஷம் போட்ட ஆள் ஒருவன் கையை விரித்துக்கொண்டு வந்தான். "வாங்க பாப்பா, வாங்க வாங்க!"

பிள்ளை தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டது. இவருக்கு எரிச்சல். பழக்கதோஷத்தில் விரல் தானாக உதட்டுக்குப் போனது. பிள்ளையைப் பார்த்து "உஷ்" என்றார். அப்புறம் கரடியைப் பார்த்து, "போய்யா அந்தப் பக்கம், சின்னப் பிள்ளைகிட்ட உன் வித்தையைக் காட்டாதே" என்றார்.

திரும்பிப் பார்த்தார். பிள்ளை இல்லை.

பெஞ்சுக்கு அடியில் இல்லை. பின்னால் இல்லை. குப்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் இல்லை. கையில் ஒற்றைச் செருப்பு மட்டும் இருந்தது. பாய்ந்து கரடியின் கழுத்தைப் பிடித்தார். "எங்கடா பிள்ளை? உன் கூட்டாளி எவன் தூக்கிட்டுப் போனான்?" தலையைப் பிடித்து இழுத்ததில் கரடித் தலை கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே வேர்த்து வடியும் ஒரு வழுக்கைத் தலை.

"ஐயா, விடுங்க, மூச்சு முட்டுது. நானும் பிள்ளை குட்டிக்காரன்."

"பிள்ளை குட்டிக்காரன் ஏன்டா கரடியா திரியறே!"

கூட்டம் கூடியது. மகள் ஓடி வந்தாள். அப்பாவின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை அதற்குள் குட்டி ரயில் பக்கம் ஓடிவிட்டான்.

ஸ்பீக்கரில் அறிவிப்பு வந்தது. மஞ்சள் கவுன் போட்ட குழந்தை, இரண்டரை வயது. பார்க் ஊழியர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். "சுண்டு! சுண்டுப் பாப்பா! வாங்கம்மா!" மகள் தொண்டை கிழியக் கத்தினாள். சுற்றிலும் நின்றவர்கள் கூடச் சேர்ந்து கத்தினார்கள். குதிரைகள் சுற்றின, ரயில் ஓடியது, கோப்பைகள் சுழன்றன. தண்ணீரில் சறுக்கி விழும் படகு விழுந்து விழுந்து சத்தம் போட்டது. அந்தத் தண்ணீரில் மஞ்சள் கவுன் தெரிகிறதா என்று பூட்டுக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார்.

இத்தனை பேர் கூப்பிட்டும் ஒரு பிள்ளை வராதா என்று நினைத்தார்.

அப்போதுதான் உறைத்தது. கூப்பிடக் கூப்பிட வராது. ஊரே சேர்ந்து கூப்பிட்டால் இன்னும் உள்ளே போகும். எங்கோ ஒரு பொந்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தூக்கிப்போக எவனும் வரவில்லை. உஷ் என்று சொன்னது அவர்தான்.

சொன்னால் பிள்ளையை இனிமேல் அவர் கையில் விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் பிள்ளையே இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தில் பக்கத்துக் கோப்பை ராட்டினம் மறுபடி கிளம்பியது. அதன் தட்டுக்கு அடியில், ஓரத்துத் தகரம் ஒரு இடத்தில் வளைந்து கிடப்பதை அவர் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் போர்வை தொங்குகிற மாதிரி ஒரு இருட்டு.

"நிறுத்துங்கடா!" என்று அலறினார். "எல்லாத்தையும் நிறுத்துங்க! சுத்தறது, ஓடறது, கத்தறது, எல்லாத்தையும்!"

வாசல் செக்யூரிட்டி அம்மாள் ஓடி வந்தாள். அவளிடமும் மகளிடமும் சேர்த்துச் சொன்னார். பெல், விரல், கட்டில், தாழ்ப்பாள். வளைந்து கிடந்த தகரத்தையும் கை காட்டினார். சொல்லச் சொல்ல மகள் அவரையே பார்த்தாள்.

"திருடன் வருவான், திருடன் வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களேப்பா" என்றாள் மெதுவாக. "ஒரு திருடனும் வரல. நீங்களே அவளை ஒளிச்சு வெச்சுட்டீங்க."

செக்யூரிட்டி அம்மாள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வாக்கிடாக்கியை எடுத்தாள். ஒவ்வொன்றாக நின்றது. கோப்பைகள் இழுத்து இழுத்து நின்றன. பாட்டு நின்றது. ஸ்பீக்கர் அடங்கியது. ஆனால் ஜனம் அடங்கவில்லை. கரடி வேஷக்காரன்தான், தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கைகூப்பி அடக்கினான்.

மகள் தகர ஓட்டை அருகே மண்டியிட்டாள். கூப்பிட வாயைத் திறந்தாள். அவர் தலையை ஆட்டினார். வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை கையை விட்டுத் துழாவினான். எட்டவில்லை. உள்ளே பிள்ளை இருக்கிறதா, இருந்தால் எப்படி இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. இருட்டும் கிரீஸ் வாடையும்தான்.

ராட்டினத்துக் கேட்டில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. பூட்டுக்காரர் இழுத்தார். அசையவில்லை. பெயின்ட்மேல் பெயின்டாக அடித்து இறுகிப் போயிருந்தது. நகம் பெயர்ந்தது. மறுபடி இழுத்தார். வாழ்நாளில் எத்தனை தாழ்ப்பாளைத் திறந்திருப்பார், இது ஒன்று மசியவில்லை. அழுகை வந்துவிட்டது.

கண்முன்னே ஒரு கை நீண்டது. அவருடைய ஸ்குரூடிரைவர். நீட்டியது செக்யூரிட்டி அம்மாள்.

வாங்கி, இடுக்கில் செருகி, நெம்பினார். பெயின்ட் பொருக்கு உதிர்ந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

டக்.

டக்.

"ஆள் போயாச்சு" என்றார். தகரத்தின் பக்கம் திரும்பி மறுபடி சொன்னார். "ஆள் போயாச்சு, கண்ணு."

ஒன்றுமில்லை. காற்றில் எங்கோ ஒரு கொடி படபடத்தது. மகள் தரையில் நெற்றியை வைத்தாள்.

அப்புறம் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "கடி போச்சா?"

"கரடி போயிடுச்சு" என்றார். கரடிக்காரன் சட்டென்று தலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

முடியெல்லாம் கிரீஸ், ஒரு முழங்காலில் சிராய்ப்பு. தவழ்ந்து பாதி வெளியே வந்தாள். மகள் தாங்க முடியாமல், "சுண்டு! வாடி தங்கம்!" என்று கையை நீட்டினாள்.

பிள்ளை விருட்டென்று உள்ளே போய்விட்டது.

பெற்ற தாயின் நீட்டிய கை அப்படியே நின்றது. பூட்டுக்காரரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. அதற்கு முன்னால் வாழ்க்கையில் பார்த்த எந்தத் திருட்டும் இவ்வளவு மோசமாக இல்லை. மறுபடி தாழ்ப்பாளை இழுத்தார். டக், டக். பிள்ளை வந்தது. நேரே தாத்தாவிடம் வந்தது. சிரித்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு.

அவர் தூக்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி, அம்மா மடியில் தள்ளிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுண்டு அம்மா தோளில் தூங்கினாள். மாப்பிள்ளை அவள் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். பூட்டுக்காரர் எதிர் சீட்டில், ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன் போல் இருந்தார்.

வீடு நெருங்கும்போது மகள் வாயைத் திறந்தாள். "நாளைக்கு பெல் அடிச்சா கதவைத் திறக்கணும். அவளை இடுப்புல வெச்சுக்கிட்டுப் போய்த் திறக்கணும்."

"எவனா இருந்தாலுமா?"

"எவனா இருந்தாலும்."

வாசலில் முகம் தெரியாத ஒருவன் நிற்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறப்பதை நினைத்துப் பார்த்தார். மடியிலிருந்த செருப்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் நாளைக்கு என்றாளே.

"சரிம்மா" என்றார்.