சரோஜாவின் நாவல்பழ ஐஸ்

ராஜேந்திரனுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த வாரமே அவருடைய குல்ஃபி நின்றுபோனது. திருவண்ணாமலையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். சாயங்காலம் தள்ளுவண்டியில் ஒரு குல்ஃபி வாங்கிச் சாப்பிட்டால்தான் அவருக்கு மிச்ச வியாபாரம் ஓடும். வேண்டாம் என்று சொன்ன டாக்டரைவிட, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிய மனைவி சரோஜாவின் மேல்தான் அவருக்குக் கோபம்.

"மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காதீங்க. சக்கரை போடாம நானே வீட்ல ஐஸ் செஞ்சித் தரேன்" என்றாள் சரோஜா.

நாவல்பழம் வரும் மாதம். கொட்டையை எடுத்துவிட்டு, கெட்டித் தேங்காய்ப்பாலோடு அரைத்து, துளி உப்புப் போட்டு, குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். மறுநாள் ராஜேந்திரன் ஒரு கடி கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"இது திங்கறதுக்கா, அஸ்திவாரம் போடறதுக்கா?"

"பேசாம சாப்பிடுங்க."

"சாப்பிடறேன். பல்லு டாக்டருக்கும் இப்பவே சொல்லி வெச்சிடு."

அடுத்த தடவை செய்தது அவ்வளவு மிருதுவாக வந்தது. ராஜேந்திரன் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். சரோஜாவுக்குப் பல்கூச்சம், ஐஸை வாயில் வைக்கமாட்டாள். அவர் குச்சியைச் சப்புவதைப் பார்த்தே பூரித்துப் போனாள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாளிடம், "எல்லாம் கைப்பக்குவம்தான்க்கா" என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது.

சரோஜா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "பழம்தான் ஒத்துக்கல போல. தெரியாம நானே குடுத்துக் கெடுத்துட்டேனே."

ராஜேந்திரன் வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். அன்று ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சிந்துஜா வந்தாள். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கஃபேயில் கேக்கும் ஐஸ்கிரீமும் செய்கிற வேலை அவளுக்கு. அம்மா புலம்பியதைக் கேட்டுக்கொண்டே ஃப்ரீசரிலிருந்து ஒரு ஐஸை எடுத்துக் கடித்தாள். அவள் புருவம் உயர்ந்தது.

"அம்மா, இதுல என்ன போட்ட?"

"பழம், தேங்காப்பால், உப்பு. அவ்ளோதான்."

"சக்கரை போடலன்னா இது கல்லு மாதிரி ஆயிடும்மா. சக்கரைதான் இப்படி மெத்துனு வெக்கும். இதுல ஒரு கைப்பிடியாவது இருக்குது."

ராஜேந்திரன் எழுந்து சட்டையை மாட்டத் தொடங்கினார். "கடையில கொஞ்சம் வேலை இருக்குது."

"ஞாயித்துக்கிழமை கடை ஏதுப்பா?"

அவர் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்தபடி நின்றார். சரோஜா ஐஸை ஊற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போகும் நேரத்தில், அவர் அச்சை வெளியே எடுத்து ஒவ்வொன்றிலும் சர்க்கரை போட்டுக் கலக்கி வைத்தது ஒருவழியாக வெளியே வந்தது.

"நான் என் மேல தப்புன்னு அழுதேனே, அப்பக்கூட சொல்லலியே நீங்க!"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அழுததப் பாத்ததும் பயமாயிடுச்சி."

சரோஜா முறைத்தாள். பிறகு, அறுபதை நெருங்குகிற மனிதர் சமையலறையில் ஸ்பூனும் கையுமாக நுனிக்காலில் நடந்திருப்பதை நினைத்தாளோ என்னவோ, சிரிப்பை அடக்க முடியவில்லை. சிந்துஜாவும் சேர்ந்துகொண்டாள்.

தண்டனையாக அன்றைக்கு ஐஸ் செய்யும் வேலை அவருக்கே விழுந்தது. சிந்துஜா சொல்லச் சொல்ல, பட்டர் ஃப்ரூட்டின் பச்சைச் சதையைச் சுரண்டி, தேங்காய்ப்பாலும் எலுமிச்சைச் சாறும் விட்டு மசித்தார். கொழுப்புள்ள பழம் என்பதால் அவ்வளவு இறுகாது என்றாள் அவள். சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதுமாம். சரோஜா சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காவல் காத்தாள்.

சாயங்காலம் ஒரு குச்சியைச் சாப்பிட்டு முடித்தார்.

"எப்படி இருக்குது?" என்றாள் சரோஜா.

"பச்சை பெயிண்ட் மாதிரி இருக்குது."

சொல்லிவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

"அப்புறம் ரெண்டாவது எதுக்கு?"

"ஒண்ணுல சரியாத் தெரியல."