பெட்டிக்கு மட்டும்

சுண்ணம் இடித்தாயிற்று. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தாயிற்று. பெட்டியைத் தூக்க ஆறு பேர் குனிந்தும் விட்டார்கள். அப்போதுதான் குருக்கள் கேட்டார்.

"எந்தப் பக்கத்தால கொண்டு போறியள்?"

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். காலையிலிருந்து அந்தக் கேள்வியை எல்லாரும் ஆளாளுக்கு ஒளித்து வைத்திருந்தது அருட்செல்வனுக்கு விளங்கியது. ஈர வேட்டியோடு அவர் பந்தலுக்குள் நின்றார். பெட்டிக்குள் கிடந்த அண்ணன் நமசிவாயத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கிற கடமை தம்பியின் தலையில் விழுந்திருந்தது.

அம்மன் கோயிலில் கொடி ஏறி மூன்றாம் நாள். சுடலைக்குப் போகிற ஒரே றோட்டு கோயில் வீதியைத் தொட்டுக்கொண்டு போகிறது. கொடி நிற்கையில் அதால் பிரேதம் கொண்டு போகிற வழக்கம் இல்லை. பழைய நாட்களில் இப்படி வந்தால், வெள்ளவாய்க்காலுக்குள் இறங்கிக் குளக்கட்டு வரை நடந்து சுடலைக்கு ஏறுவார்கள். இப்போது வாய்க்காலின் குறுக்கே ஒரு மதில் நிற்கிறது. அது அருட்செல்வனுடைய மதில்.

இருபத்தேழு வருசம் ஆமிக்காரரின் பிடியில் கிடந்த ஊர். திருப்பித் தந்தபோது வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. வாய்க்கால் கிடந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பற்றை. அருட்செல்வன் காணி உறுதிப் பத்திரத்தை விரித்து வைத்து, நில அளவைக்காரரைக் கூட்டி வந்து, அரைக் குழியும் பிசகாமல் மதிலை எழுப்பினார். மகள் வித்தியாவுக்குச் சீதன வீடு கட்ட மிஞ்சியிருந்த காணி அது ஒன்றுதான். வாய்க்கால் என்ற சொல்லே உறுதியில் கிடையாது. வாய்க்காலை நினைவூட்டியவர் அண்ணை.

"உறுதி சரியடா தம்பி. மழைக்கு உறுதி வாசிக்கத் தெரியுமோ?"

சொன்னதோடு நிற்கிற மனுசனா அவர்! குளக்குழு என்று ஒன்றைத் தொடங்கி, ஞாயிறு தவறாமல் ஆட்களைச் சேர்த்துத் தூர் வாரினார். கிணறெல்லாம் உவராகிக்கொண்டு வருகிறது, குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கிணறு தப்பும் என்று வீட்டுக்கு வீடு படலையில் நின்று சொன்னார். இரண்டு வருசத்தில் குளம் ஆழமாகிவிட்டது. தண்ணீர்தான் வரவில்லை. பெய்கிற மழை மதிலில் முட்டி, றோட்டில் ஏறி, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் விடாக்கண்டன், தம்பி கொடாக்கண்டன். கடைசி எட்டு மாதமும் இருவருக்கும் கதை பேச்சு இல்லை. நேற்றுக் காலை, காய்ந்த குளத்துக்குள் மண்வெட்டியோடு நின்றவர், "கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்று குளக்கட்டில் குந்தினாராம். பிறகு எழும்பவில்லை.

குளக்குழுச் செயலாளர் சிவதர்ஷன், பள்ளிக்கூட வாத்தியார், தொண்டையைச் செருமினான்.

"வாய்க்காலால போகலாம்..."

மிச்சத்தை விழுங்கிவிட்டான். ஒருவரும் அருட்செல்வனைப் பார்க்கவில்லை. எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள்.

தலைமாட்டில் இருந்த கமலாவதி, நமசிவாயத்தின் மனைவி, நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, அவர் உம்மட்டைக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனார். நான் கேக்கமாட்டன். நீர் சொல்லுற வழியால கொண்டு போகட்டும்."

நாலு வார்த்தை ஏசியிருந்தால் அருட்செல்வனுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஊர் முழுக்க நிற்க, ஈர வேட்டியோடு வெட்கமாக இருந்தது. செத்தும் விடவில்லையே என்று அண்ணன் மேல் எரிச்சலும் வந்தது. எரிச்சல் வந்ததை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது.

"இடியுங்கோ," என்றார். "பெட்டி போற அளவுக்கு மட்டும். எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு முன்னம் திருப்பி அடைச்சுப் போடுவன் மச்சாள். பிறகு ஆரும் பாதை, வழக்கம் எண்டு கதைச்சுக்கொண்டு வரப்படாது."

"ஓமோம்," என்றன நாலைந்து குரல்கள்.

மதிலைக் கட்டிய மேசன் கஜீபனே அலவாங்குக் கடப்பாரையோடு வந்தான். பெட்டியின் அகலத்தைக் கயிற்றால் அளந்தான்.

"தூக்கிற ஆக்களையும் சேர்த்து நாலடி காணும்."

இடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. பறைமேளம் நின்றுவிட்டது. கல் விழுகிற சத்தத்தோடு பெண்களின் அழுகையும் கலந்து கேட்டது. "கட்டேக்கை நல்லாத்தான் கட்டியிருக்கிறன்," என்று கஜீபன் வியர்வையைத் துடைத்தான். வேறொரு நாள் என்றால் ஆராவது சிரித்திருப்பார்கள்.

தோளில் கொள்ளிச்சட்டியோடு அருட்செல்வன் முன்னே போனார். மதிலைத் தாண்டியதும் நிலம் சரிந்து இறங்கியது. வெறுங்காலின் கீழ் மெல்லிய மணல். அந்தப் பக்கத்துத் தோட்டக்காணிகள் எல்லாம் செம்மண். தண்ணீர் கொண்டுவந்து போடாமல் இந்த மணல் எங்கிருந்து வரும்? சின்ன வயதில் அண்ணையும் அவரும் இதற்குள் நின்று இடுப்பில் கட்டிய சாரத்தை அவிழ்த்து மீன் வடித்தவர்கள். குளக்குழுக் கூட்டத்தில், "அப்பிடி ஒரு வாய்க்கால் எனக்கு ஞாபகமில்லை" என்று அவர் சொன்னபோது, அண்ணை அவரையே பார்த்தபடி இருந்தார். அன்றைக்குத்தான் கதை நின்றது.

பின்னால் பெட்டி இடைவெளிக்குள் நுழைந்தது. "பாத்து, பாத்து, கை உரஞ்சுது," என்றான் சிவதர்ஷன்.

மறுநாள் சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்தது. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, கதிரை போட்டு, ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அருட்செல்வனுக்கு உடம்பெல்லாம் நொந்தது. நாலாம் நாள் மத்தியானம் அவருடைய மனைவி மீனாம்பிகை இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கஜீபன் எப்ப அடைக்க வாறான்?"

"நாளைக்கு. சாமானெல்லாம் கொண்டுவந்து வைச்சிட்டான்."

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மாரியின் முதல் மழை, கண் மண் தெரியாமல் அடித்தது. அருட்செல்வன் தாழ்வாரத்தில் நின்று பார்த்தார். தோட்டங்களைக் கழுவிக்கொண்டு, வெங்காயச் சருகும் பிளாஸ்ரிக் போத்தலுமாகச் சிவந்த தண்ணீர் வாய்க்காலால் வந்தது. இடைவெளியைக் கண்டதும் அதற்குள் பாய்ந்தது. ஆனால் நாலடிக்குள் எவ்வளவுதான் போகும்? மிச்சம் மதிலில் முட்டித் தேங்கி, இரண்டு பக்கமும் ஏறி, பழையபடி றோட்டுப் பக்கம் திரும்பியது.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மழைக்குள் இறங்கிப் போய், மேசனின் சாமான்களுக்குள் கிடந்த அலவாங்கை எடுத்து, இடைவெளியின் விளிம்பில் ஓங்கிக் குத்தினார். ஐம்பத்தெட்டு வயது. நாலாம் குத்திலேயே மூச்சு வாங்கியது.

"என்னப்பா செய்யிறியள்?" மீனாம்பிகை குடையோடு ஓடி வந்தாள். "அப்ப வித்தியாவின்ரை வீடு?"

அவர் மறுபடியும் ஓங்கிக் குத்தினார். அடுத்த கல் அசைந்து, சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

மீனாம்பிகை குடையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு குடையைச் சுருக்கி மதிலில் சாத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்த கல்லைக் கரைக்கு இழுக்கத் தொடங்கினாள்.