ஓரகத்திக்கு ஒரு கடற்கரை

சுற்றுலா அலுவலகத்தின் சுழல் நாற்காலியில் அரைச் சுற்று சுற்றிவிட்டுத்தான் ஓரகத்தி வாயைத் திறந்தாள்.

"எல்லாம் உங்க பொறுப்புக்கா. ரெண்டு வாரம். முதல்ல காடு, அப்புறம் கடல். அருவியில குளிக்கணும், ஆமை பார்க்கணும், மிச்ச நாளெல்லாம் மணல்ல சும்மா கிடக்கணும்."

கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்த மூத்தவள் சிரித்தாள். வயிறு எரிந்தது. ஊரையே கடலுக்கு அனுப்புகிறவள். அவள் கால் நனைந்ததோ குளியலறையில் மட்டும். அவள் புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். 'குளிர்ச்சியா எங்கயாவது போலாமே' என்றால் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுவார். அவருடைய தம்பியோ பெண்டாட்டிக்கு நீச்சல் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறான். மகராசி அதை நெற்றியில் மாட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

ஓரகத்தி போகவிருந்த வெப்ப நாட்டுக்கு இரண்டு கரை. மேற்கே வெயில் காய்கிற மாதத்தில் கிழக்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். இந்தத் தொழிலில் அரிச்சுவடி அது.

மூத்தவளின் விரல் தயங்கியது. பிறகு கிழக்கைத் தட்டியது.

"கிழக்குக் கரை போட்டுடறேன். கூட்டமே இருக்காது."

பொய்யில்லை. கொட்டுகிற மழையில் எவன் வருவான்?

ஓரகத்தி உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, கிழக்குக் கரையாம்... என்னது, மழையா? நெட்டுல போட்டிருக்கா? அக்காவை விட நெட்டுக்குத் தெரியுமா? பேசாம இருங்க. அவங்க நமக்குத் தப்பா சொல்வாங்களா?"

மூத்தவள் மாட்டிக்கொண்டாளா? இல்லை. மாட்டியிருந்தால்கூடத் தேவலை. நம்பிவிட்டாளே பாவி.

"இரு, இரு" என்றாள் மூத்தவள், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அவர் சொல்றதுதான் சரி. மாசத்தை மாத்திப் பார்த்துட்டேன். மேற்கே போட்டுடறேன்."

"பார்த்தீங்களா, அக்கா எவ்வளவு கவனம்னு?" என்று போனில் பீற்றிவிட்டு ஓரகத்தி குரலைத் தணித்தாள். "ரூம் கடலைப் பார்த்த மாதிரி இருக்கட்டும்க்கா. இவருக்கு என் கையைப் பிடிச்சாத்தான் தூக்கமே வரும்."

மறுபடி எரிந்தது.

திரையில் கடைசிக் கேள்வி வந்து நின்றது. சேர்ந்த கட்டிலா, தனித்தனிக் கட்டிலா?

தனித்தனி.

நடுவில் மேஜை உண்டா என்றும் அறையின் படத்தில் பார்த்துக்கொண்டாள். இருந்தது.