கோலார் முத்திரை குத்திய கவர்

எந்தத் துப்பறியும் படமாக இருந்தாலும் மூன்றாவது ரீலிலேயே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவேன். தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கிவிடும் கேஜில் நெருக்கியடித்து நிற்கும்போது, "ராஜப்பாண்ணா, யாரு ஆளு?" என்று என்னைத்தான் கேட்பார்கள். முகத்தில் பாதி நிழல் விழுந்தவனை ஊரே சந்தேகப்படும். நான் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை.

ஆகவே என் மனைவி அம்சவேணிக்கு வந்த கடிதம் காணாமல் போனபோது, விசாரணை என்னிடம் வந்தது நியாயம்தான். கடிதத்தை எடுத்தவனும் நானே என்பதுதான் சின்னச் சிக்கல்.

அவள் எட்டாவது படித்தவள். பக்கத்து லைன் வீட்டு நர்ஸ் ஐடா எழுதிக்கொடுக்க, கோலார் டவுனில் பிரசவம் பார்க்கும் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். இடம் கிடைத்தால் ஒன்றரை வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். எனக்கு யார் சோறு பொங்குவது? நைட் ஷிப்ட் முடிந்து நான் படுத்திருந்த ஒரு காலையில், அவள் குழாயடிக்குப் போயிருந்த நேரம், கதவிடுக்கில் அந்தக் கவர் வந்து விழுந்தது. சினிமா நோட்டீஸ்கள் சேர்த்து வைத்திருக்கும் என் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பிரிக்கவில்லை. பிரித்தால்தானே குற்றம்? ஷிப்ட் விட்டதும் கேட்டில் காவல்காரன் தினமும் என்னைத் தடவிப் பார்க்கிறான். பதினாறு வருஷத்தில் கடுகளவு தங்கம் அகப்பட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் நான்.

தபால்காரர் கொர்னேலியஸ் அவளிடம் சொல்லிவிட்டார். "கோலார் முத்திரை குத்தின கவரும்மா. உங்க வூட்லதான் போட்டேன்."

"யாரு எடுத்திருப்பாங்க? நீங்கதான் கண்டுபுடிக்கணும்," என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் துப்பறிந்தேன். கொர்னேலியஸை இரண்டு முறை குறுக்கு விசாரணை செய்தேன். எதிர்வீட்டு ரத்தினம்மாவின் ஆடு காகிதம் தின்னும் என்பதால் அதன் புழுக்கையைக்கூடக் குச்சியால் கிளறிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அவள் மனசு ஆறட்டும் என்று ராபர்ட்சன்பேட்டைக்குப் படத்துக்கு அழைத்துப் போனேன். ஒரு பணக்காரர் கொலை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவளுக்கும் கேட்கும்படி, "சமையல்காரன்தான்!" என்று கூவினேன். கடைசியில், போலீசுக்கு முன்னால் ஓடி ஓடித் தடயம் தேடிக்கொடுத்த வக்கீலுக்குத்தான் விலங்கு மாட்டினார்கள். பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் கையை நீட்டினாள்.

"பெட்டிச் சாவி குடுங்க."

"இன்னாத்துக்கு?"

"ஆட்டுப் புழுக்கைய எல்லாம் கிளறுனீங்களே, சொந்தப் பெட்டிய ஒரு தரம் தொறந்து பாத்தீங்களா?"

கொடுத்தேன். வேறென்ன செய்ய? நோட்டீஸ்களுக்கு அடியிலிருந்து கவரை எடுத்துப் பிரித்து, இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இந்த வருஷம் இடம் இல்லியாம். அடுத்த வருஷம் மறுபடி போடலாமாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றே கையில் கொடுத்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து தேற்றி நல்ல பெயர் வாங்கியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. "அட, இதுக்கா இவ்ளோ! அடுத்த வருஷம் நானே கோலாருக்குப் போயி மனு வாங்கியாறேன்," என்றேன். சத்தியமாக, அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னேன்.

"போடத்தான் போறேன்," என்றாள், கடிதத்தை மடித்துக்கொண்டே. "ஐடா வூட்டு விலாசம் குடுத்து."

இப்போது அவளுடைய அம்மா எழுதும் கடிதம்கூட அங்கேதான் வருகிறது.