சித்தப்பாவின் கடைசி அரியர்

கல்லூரிக் கால்பந்து அணியின் கேப்டனை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுக்கு அண்ணன் பிள்ளைகள் யாரும் கிடையாது. அவனோடு சேர்ந்தவர்கள் படித்து முடித்து, வேலைக்குப் போய், சிலர் கல்யாணமும் செய்துகொண்ட பிறகும் அவன் மட்டும் அதே மைதானத்தில் நடுக்களம் ஆடிக்கொண்டிருந்தான். நெற்றியில் முடி பின்வாங்க ஆரம்பித்திருந்தது. முதலாண்டுப் பையன் ஒருவன் அவனைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொன்ன அன்று சித்தப்பா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கணக்கு மூன்றாம் தாள்தான் அவனைக் கல்லூரியில் பிடித்து வைத்திருந்தது. முதல் தடவை நேர்மையாகத்தான் தோற்றான். அடுத்த தடவை படித்துவிட்டுப் போனான். கேள்வித்தாளைப் பார்த்தால் எல்லாம் தெரிந்தவை. பேனாவைத் திறந்தபோதுதான் உறைத்தது: இதை எழுதி முடித்தால் அவன் பழைய மாணவன். பழைய மாணவன் கல்லூரி அணியில் ஆட முடியாது. அரியர் வைத்திருக்கிறவன் ஆடலாம். பேனாவை மூடிவிட்டு வெளியே வந்து பயிற்சிக்குப் போனான். அதன் பிறகு வந்த தோல்விகள் எல்லாம் அவனே பார்த்துப் பார்த்துச் செய்தவை.

அப்படியொன்றும் சாதனை படைத்த அணி இல்லை. இவர்களோடு ஆட்டம் என்றால் மற்ற கல்லூரிகள் நல்ல ஆட்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மிச்சம் மீதியை அனுப்பும். ஆனால் அந்த வருஷம் என்ன கிரகமோ, ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். அரையிறுதியில் எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பந்தைத் தலையால் முட்டித் தன் கோலுக்குள்ளேயே அனுப்பினான். அந்த ஒரு கோலில் இவர்கள் இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார்கள். கோச் அழுதார். கோல்கீப்பர், தான் ஏதோ செய்ததாக நினைத்து அவனும் அழுதான்.

அடுத்த வாரம் கொரோனா வந்து ஊர் முழுக்கக் கதவைச் சாத்தினார்கள். இறுதிப் போட்டி, நிலைமை சரியான பிறகு.

சித்தப்பாவின் வீடு இரண்டாவது மாடியில் இரண்டே அறை. அப்பா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வேலை நின்றுபோனதால் வீட்டில் கற்றுக்கொடுத்தார். அம்மா தாளிக்கும்போது பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, இப்ப திருப்பு" என்பார். யாராவது அறைக்குள் வேகமாக வந்தால் அவருடைய வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோலத் தானாகத் தரையை அழுத்தும். அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அந்த வீட்டில் வெளியே போய் வந்துகொண்டிருந்தது அவர் மட்டும்தான். ஆள் பாதியாகிவிட்டார்.

கோச் தினமும் காலையில் வீடியோ அழைப்பில் பயிற்சி வைத்தார். பையன்கள் கட்டிலில் படுத்தபடி முகத்தை மட்டும் மேலும் கீழும் ஆட்டி ஓடுவதாகக் காட்டினார்கள். இப்படியே மாதங்கள் போயின.

ஒருநாள் பல்கலைக்கழகம் அறிவித்தது: தேர்வு நடத்த வழியில்லாததால், அரியர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தேர்ச்சி.

அப்பா அறிவிப்பை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு மாடிமாடியாகப் போய், கதவுக்குக் கதவு சாக்லேட்டை வைத்து, மணியை அடித்துவிட்டுத் தள்ளி நின்று, "பையன் டிகிரி முடிச்சுட்டான்" என்றார். திரும்பி வந்து பார்த்தால் பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"சந்தோஷத்துல பேச்சு வரல அவனுக்கு" என்றார் அப்பா.

மறுநாள் சித்தப்பா கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குப் போனான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கிளார்க் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"மார்க் ஷீட் இன்னும் வரலப்பா. அப்புறமா வா."

"மார்க் ஷீட் வேண்டாம் மேடம். என்னை மறுபடியும் ஃபெயில் ஆக்கணும்."

அவர் வெப்பமானியை எடுத்து, கண்ணாடி ஓட்டை வழியாக அவன் நெற்றிக்கு நேரே நீட்டினார். காய்ச்சல் இல்லை.

"தம்பி, இந்த ஜன்னல்ல நான் பாக்காத அழுகை இல்ல. பாஸ் போட்டுட்டாங்கன்னு அழுறவன இப்பதான் பாக்குறேன்."

"ஃபைனல்ஸ் இருக்கு மேடம்."

அவர் பெருமூச்சு விட்டார். "இந்தப் பாஸ் வேண்டாம்னா ஆன்லைன்ல பரீட்சை எழுதலாம். அதுல வர்ற மார்க்குதான் கடைசி."

"அதுல ஃபெயிலானா?"

"ஃபெயில்தான். அதனாலதான் ஒருத்தன்கூட இந்தப் பக்கம் வரல."

"எனக்கு ஒன்னு போட்டுடுங்க" என்றான் சித்தப்பா, கடையில் டீ கேட்பதுபோல.

கல்லூரியில் அவன் கொடுத்திருந்தது அம்மாவின் தொலைபேசி எண். தேர்வு பற்றிய செய்தி அதற்குத்தான் போனது. அம்மா வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, மூக்கின் மேல் முகக்கவசம் அழுத்திய தழும்போடு அவன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா இது?"

அவன் சொன்னான். ஒன்றையும் விடாமல்.

"அங்க வார்டுல ஒவ்வொருத்தரும் எப்படா தேறி வீட்டுக்குப் போவோம்னு கிடக்கிறாங்க. நீ தேறுனத வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கே."

"ஒரே ஒரு மேட்ச்மா."

"ஜெயிப்பீங்களா?"

"மாட்டோம்."

"அப்புறம் எதுக்குடா?"

"ஆடணும்மா. இவ்வளவு நாள் கழிச்சு ஃபைனல்ஸ் வந்திருக்கோம்."

அம்மா தழும்பைத் தடவிக்கொண்டார். "மேட்ச் முடிஞ்சு அடுத்த பரீட்சையில பாஸ் பண்ணுவேன்னு என்ன நிச்சயம்?"

"தப்பா எழுதணும்னா சரியான விடை தெரிஞ்சாதானே முடியும்? நம்ம கோல்கீப்பருக்கு அந்தப் பேப்பர நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் வகுப்புல பாஸானான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. சிரித்து முடித்தபோது கண் நிறைந்திருந்தது. அது எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

"அப்பா காதுல மட்டும் போட்டுடாதே" என்றார். "சாக்லேட்ட எல்லாம் திருப்பி வாங்கிட்டு வர்ற ஆளு."

தேர்வு முழுக்கச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சித்தப்பா ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, விடையைக் கண்டுபிடித்து, அதை விட்டுவிட்டு வேறொன்றை அழுத்தினான். சுத்தமான பூஜ்யம். முடிவு வந்த அன்று கணக்குப் பேராசிரியை கூப்பிட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு அழுத்துனாக்கூட நாலஞ்சு சரியா விழும்பா. உனக்கு ஒன்னுகூட விழல."

"கஷ்டமான பேப்பர் மேடம்."

"அப்படியா? ஒரு கேள்வியில நான் விடைய தப்பா டைப் பண்ணிட்டேன். சரியான விடையே அதுல கிடையாது. இதே பேப்பர எழுதுன ரெகுலர் பசங்க எல்லாரும் எதையோ அழுத்தியிருக்காங்க. நீ மட்டும் அதைத் தொடவே இல்ல."

சித்தப்பா அந்தக் கேள்வியில் எதைத் தவிர்ப்பது என்று தெரியாமல்தான் விட்டிருந்தான்.

"மேட்ச் எப்போ?" என்றார் அவர்.

"அடுத்த மாசம் மேடம்."

"முடிச்சுட்டு வா. அடுத்த தடவை இந்த வித்தையைக் காட்டினே, என் வீட்டு ஹால்ல உக்கார வெச்சு எழுத வைப்பேன்."

இறுதிப் போட்டி பார்வையாளர் இல்லாமல் நடந்தது. வீட்டிலேயே கிடந்து எல்லோருக்கும் சதை போட்டிருந்தது. ஜெர்சி தலைக்குள் போனது, வயிற்றில் நின்றது. கோச் தொற்று வந்து பிழைத்தவர். வாசனை தெரியும் சக்தி அவருக்கு இன்னும் திரும்பவில்லை. அதனால் உடைமாற்றும் அறையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர் அவர் மட்டும்தான்.

காலி மைதானத்தில் எல்லாம் காதில் விழுந்தது. இத்தனை காலமும் கூட்டத்தின் சத்தத்தில் மறைந்துபோன கெட்ட வார்த்தைகள் இப்போது சுவரில் மோதித் திரும்பி வந்தன. கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களின் குடும்பங்களைப் பற்றிச் சொன்னதற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார்.

இடைவேளைக்கு முன்பே மூன்று கோல் வாங்கிவிட்டார்கள். பிறகு இன்னொன்று. சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்து நின்றான், மறுபடி ஓடினான். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து அவனிடம் வந்தது. ஓங்கி உதைத்தான். பந்து முழங்காலுக்குக் கீழே எங்கோ பட்டு, கோலை நோக்கி நிதானமாக உருண்டது. எதிரணி கோல்கீப்பரும் தடுப்பாட்டக்காரனும், மற்றவன் எடுப்பான் என்று இருவருமே மரியாதையாக இடைவெளி விட்டு நின்றார்கள். பந்து நடுவில் புகுந்து உள்ளே போனது.

கட்டிப்பிடிக்கக் கூடாது என்று உத்தரவு. எல்லோரும் வரிசையாக வந்து முழங்கையை முட்டினார்கள். கோல்கீப்பர்தான் முதலில் மேலே விழுந்தான். அப்புறம் எல்லோரும் விழுந்தார்கள். அடியில் கிடந்த சித்தப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை, இருட்டும் வியர்வை நாற்றமும் தவிர. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கலாம்போல் இருந்தது.

ஆட்டம் முடிந்து கோப்பை எதிரணிக்குப் போனது. அவர்களுடைய கேப்டன், தாடியில் ஒன்றிரண்டு நரையோடு, இவன் பக்கம் வந்து உட்கார்ந்தான். சற்று நேரம் இருவரும் காலை நீட்டித் தசையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்றான் அவன் மெதுவாக. "உங்களுக்கு எந்தப் பேப்பர்?"

"கணக்கு மூணு. உனக்கு?"

"கெமிஸ்ட்ரி. ஃபெயில் போடுங்கன்னு எங்க பிரின்சிபால் கால்ல நான் விழாத குறை."

சொன்னபடி சித்தப்பா அடுத்த தேர்வை எழுதித் தேறினான். மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். பழக்க தோஷத்தில் கை சில இடங்களில் தப்பான விடைக்குப் போய்விட்டது. பட்டம் ஏன் இவ்வளவு தாமதம் என்று அப்பா கேட்டபோது, "கொரோனாப்பா" என்றான். அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை.

கேப்டன் கைப்பட்டையைக் கோல்கீப்பரிடம் கொடுக்க மைதானத்துக்குப் போனான். அவன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் வாடியிருந்தது.

"என்னடா, சந்தோஷமா இல்லையா?"

"இருக்குண்ணே. ஆனா எனக்கு எல்லாப் பேப்பரும் கிளியர்" என்றான். "இப்ப என்ன பண்றது?"